பத்தாம் வகுப்புப் பையன், சொன்னால் உடனே புரிந்துகொள்கிறான், ஆனால் தானாக உட்கார்ந்து படிப்பதில்லை. இது சோம்பேறித்தனமா? எப்படி உதவலாம்?

வகுப்பில் கேட்டால் டக்கென்று பதில் சொல்கிறான், வீட்டில் புத்தகத்தைத் திறக்கவே ஒரு மணி நேரம் ஆகிறது, ரெக்கார்டு நோட்டை எப்போதும் தேடிக்கொண்டே இருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் அறிவியல் டியூஷன் எடுக்கிறேன். இதே வருத்தத்தோடு என்னிடம் வரும் பெற்றோர் நிறையப் பேர். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இதைச் சோம்பேறித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஒரு வேலையைத் தொடங்குவது, அதைத் துண்டு துண்டாகப் பிரிப்பது, எவ்வளவு நேரமாகும் என்று கணிப்பது, அலைபாயும் கவனத்தைத் திருப்பிக் கொண்டுவருவது எல்லாம் தனித் திறமைகள். உளவியலில் இவற்றைச் சேர்த்து எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் என்கிறார்கள். இதில் பெரும்பங்கு நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிக்கு. அது முழுதாக முதிர இருபத்தைந்து வயதை ஒட்டி ஆகிவிடும். ஒளியியலை ஒரே தடவையில் பிடித்துக்கொள்ளும் பையன் வீட்டுப்பாடத்தை மறந்துவிட்டு வருவதில் ஆச்சரியமே இல்லை. பாடம் புரிவது வேறு, வேலையை நடத்திச் செல்வது வேறு. பாடத்தைச் சொல்லித்தர ஆள் இருக்கிறது. இரண்டாவதை யாரும் உட்கார்ந்து சொல்லித்தருவதில்லை.

"போய்ப் படி" என்று சொல்லும்போது அவன் காதில் ஒரு பெரிய மூட்டைதான் விழுகிறது. எந்தப் பாடம், எந்தப் பக்கம், எது முடிந்தால் எழுந்திருக்கலாம், ஒன்றும் தெரியாது. அதனால் தொடக்கத்தை மிகச் சின்னதாக்குங்கள். "ஏழு மணிக்கு டீ குடித்து முடித்ததும் மேஜையில் உட்கார்ந்து மின்னோட்டவியல் புக் பேக் கணக்கில் முதல் இரண்டைப் போடுவேன்" என்ற அளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டும். அதை அவனே தன் வாயால் சொல்ல வேண்டும். எப்போது, எங்கே, என்ன என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் அதை அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களிலேயே காட்டியிருக்கிறார். பிள்ளைகளிடம் நான் பார்ப்பதும் அதுதான். அந்த இரண்டு கணக்கைப் போட்டவன் பெரும்பாலும் மூன்றாவதையும் போடுவான்.

நோட்டு விஷயத்துக்கு அறிவுரை வேண்டாம், ஓர் இடம் போதும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் மறுநாள் டைம்டேபிளைப் பார்த்துப் பை அடுக்கி வாசல் பக்கம் வைத்துவிடட்டும். சாப்பாடு தினமும் நடக்கிற காரியம் என்பதால் அதையொட்டிய வேலை மறக்காது.

அப்புறம் நேரக் கணக்கு. இது பெரியவர்களுக்கே வராது. ரோஜர் பியூலர் என்ற உளவியலாளரும் உடனிருந்தவர்களும் 1994-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டைச் சராசரியாக 34 நாளில் முடித்துவிடுவோம் என்று கணித்தார்கள். 55 நாளுக்கு மேல் ஆனது. அதனால் ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரமாகும் என்று முதலில் எழுதச் சொல்லுங்கள், முடித்ததும் உண்மையில் ஆன நேரத்தைப் பக்கத்தில் எழுதட்டும். திட்டவும் வேண்டாம், பாராட்டவும் வேண்டாம். சில வாரங்களில் அவன் கணிப்பு தானாகவே திருந்தும். காலாண்டு, அரையாண்டுக்கு அவன் போடும் அட்டவணையும் நடக்கிற அட்டவணையாக இருக்கும்.

உட்கார்ந்த பிறகு என்ன செய்கிறான் என்பதையும் கவனியுங்கள். கைடில் மஞ்சள் மையால் கோடு போட்டு அதையே திரும்பத் திரும்ப வாசிப்பதைத்தான் பெரும்பாலான பிள்ளைகள் படிப்பு என்று நினைக்கிறார்கள். ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட சோதனை இதற்கு நல்ல பதில். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள், ஒரு தடவை வாசித்துவிட்டு மூடி வைத்து நினைவிலிருந்து மூன்று முறை எழுதியவர்கள் என்று இரண்டு கூட்டம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வாசித்தவர்கள் நினைவில் 40 சதவீதம்தான் இருந்தது, எழுதிப் பார்த்தவர்களிடம் 61 சதவீதம். நன்றாக நினைவிருக்கும் என்ற நம்பிக்கை மட்டும் வாசித்தவர்களுக்குத்தான் அதிகம்! "எல்லாம் படிச்சிட்டேன்ம்மா, எக்ஸாம்ல வரவே மாட்டேங்குது" என்று பிள்ளைகள் சொல்வது பொய்யே இல்லை. வாசிக்கும்போது தெரிந்த மாதிரிதான் இருக்கும்.

எனவே புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். கிட்டப்பார்வை என்றால் என்ன, பிம்பம் எங்கே விழுகிறது, எந்த லென்ஸ் போட வேண்டும், ஏன். தெரிந்ததை எல்லாம் எழுதிவிட்டு, புத்தகத்தைத் திறந்து, விடுபட்டதை வேறு நிற மையால் சேர்க்கட்டும். அந்த வேறு நிறம்தான் நாளைக்குப் படிக்க வேண்டியது. அதே பாடத்தை மூன்று நாள் கழித்து, அப்புறம் பத்து நாள் கழித்து மறுபடி வெறும் தாளில் எழுதட்டும். முதல் தடவை பாதி கூட வராது, பையன் சோர்ந்துபோவான். அங்கேதான் நீங்கள் தேவை. வராமல் திணறித் தேடும் அந்த நேரத்தில்தான் பாடம் பதிகிறது என்று பக்கத்தில் இருந்து சொல்லுங்கள்.

படிக்கும் நேரத்தில் போன் வேறு அறையில் இருக்கட்டும், உங்களுடையதும் சேர்த்து.

இதையெல்லாம் நீங்களே கடைசி வரை நடத்தினால் அவனுக்கு எதுவும் வராது. முதல் இரண்டு, மூன்று வாரம் பக்கத்தில் உட்கார்ந்து திட்டத்தைச் சேர்ந்து போடுங்கள். பிறகு அவன் போட்டதை நீங்கள் பார்த்தால் மட்டும் போதும். அதற்குப் பிறகு வாரம் ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை ஒரு பேச்சு போதும். "படிச்சியா?" என்று கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும். "இன்னைக்கு எதிலிருந்து ஆரம்பிக்கப் போற?" என்று கேட்டுப் பாருங்கள், அவன் யோசித்தே ஆக வேண்டும். பொறுப்பு அவன் கைக்குப் போகும்போது சில டெஸ்டில் மார்க் குறையலாம். ரிவிஷன் டெஸ்டில் குறைவது நல்லதுதான், மார்ச் பொதுத்தேர்வுக்குள் சரிசெய்ய நேரம் இருக்கிறது.

ஒரு விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இந்த மறதியும் கவனச் சிதறலும் பன்னிரண்டு வயதுக்கு முன்பிருந்தே, வீட்டிலும் பள்ளியிலும் ஒருசேர இருந்து வந்தால் ஏடிஎச்டி (கவனக் குறைபாடு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறு) இருக்கிறதா என்று மனநல மருத்துவரிடம் பார்த்துவிடுவது நல்லது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு உண்டு. அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எழுத்துக்களைக் கோத்து வாசிப்பதிலேயே திணறுகிறான் என்றால் அதையும் சொல்லுங்கள். டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புக் குறைபாடு உறுதியானால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கிடைக்கும். சான்றிதழும் விண்ணப்பமும் பள்ளி வழியாகத்தான் போக வேண்டும் என்பதால், அரையாண்டு முடியட்டும் என்று காத்திருக்காமல் இந்த மாதமே தலைமையாசிரியரிடம் பேசுங்கள்.