சிபிடி என்கிற மனச் சிகிச்சை எப்படி வேலை செய்கிறது?

சிபிடி என்றால் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. எண்ணம், உணர்ச்சி, செயல் மூன்றும் ஒன்றையொன்று இழுப்பவை. எண்ணத்தையும் செயலையும் கொஞ்சம் மாற்றினால் உணர்ச்சியின் வேகம் தணியும். 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கிய முறை இது. மனச்சோர்வில் இருந்தவர்களுக்கு 'நான் எதற்கும் லாயக்கில்லை' போன்ற எண்ணங்கள் தானாகவே வந்து விழுவதை அவர் கவனித்தார்.

குன்னூரில் ஓர் அம்மா என்று வைத்துக்கொள்வோம். கோவையிலிருந்து கடைசி பஸ்ஸில் வரும் மகன் போன் எடுக்கவில்லை. 'வண்டி கவிழ்ந்திருக்கும்' என்று தோன்றுகிறது. நெஞ்சு படபடக்க, பத்து முறை அழைக்கிறார். சிகிச்சையில் இதை நோட்டில் எழுதச் சொல்வார்கள்: என்ன நடந்தது, என்ன நினைத்தேன், பயம் நூற்றுக்கு எவ்வளவு, வேறு காரணம் என்ன இருக்கலாம். கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வரும். அப்புறம் வீட்டுப்பாடம்: அடுத்த முறை அரை மணி நேரம் அழைக்காமல் இருந்து பார்ப்பது. எழுதுவதைவிட இதுதான் கஷ்டம்!

கோத்தகிரி சாலையில் மூடுபனி இறங்கினால் புது ஓட்டுநர் ஹைபீம் போடுவார். வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி கண்ணைத்தான் மறைக்கும். பழகியவர் டிம் பண்ணுவார். பனி அப்படியேதான் இருக்கும், ஆனால் ரோடு தெரியும். கவலையையே திரும்பத் திரும்ப யோசிப்பதும் ஹைபீம் மாதிரிதான்.

பெரும்பாலும் வாரம் ஒன்றாக 12 முதல் 20 அமர்வுகள். பக்கத்தில் உளவியலாளர் இல்லையென்றால், முதலில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

'எல்லாம் நல்லதாகவே நினை' என்று சொல்லும் சிகிச்சை இது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, பஸ் நிஜமாகவே வழியில் நின்றுவிட்டால் யாரை அழைப்பது, என்ன செய்வது என்று திட்டமிடுவதும் இதில் உண்டு.