ஸ்மாக் தேறாத கார் – கடிதம்

அன்புள்ள சார்,

கலிபோர்னியாவில், ஃப்ரீமாண்டில் இருக்கிறேன். இங்கே வந்து வாங்கிய முதல் கார், 2004 மாடல், இந்த முறை ஸ்மாக் செக் என்கிற புகைச் சோதனையில் தேறவில்லை. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் போய்விட்டது, மாற்ற 2,400 டாலர் ஆகும் என்கிறார் மெக்கானிக். காரை விற்றால் அவ்வளவு தேறாது. ஆபீசில் ஒருவர், "சேரிட்டிக்குக் கொடுத்துவிடு, டேக்ஸில் கழித்துக்கொள்ளலாம்" என்றார். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவோ, "நமக்கே உதவாததைத் தூக்கிக் குடுத்துட்டு அதுக்குப் பேரு தானமாடா?" என்று கேட்டுவிட்டார். அதிலிருந்து மனசு ஒப்பவில்லை. நீங்களும் ஒரு காரை அப்படிக் கொடுத்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். கொடுக்கலாமா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் அம்மா கேட்டது கடோபநிஷத்தில் வரும் நசிகேதன் மனசில் எழுந்த கேள்வி. தண்ணீரும் புல்லும் இனி இறங்காத, மடி வற்றிப்போன மாடுகளை அப்பா தானமாக ஓட்டிவிடுவதைப் பார்த்துத்தான் அந்தப் பையனுக்குப் பொறுக்கவில்லை. ஆனால் அந்த மாட்டை வாங்கியவர் கட்டித் தீனி போட்டாக வேண்டும்; உங்கள் காரைப் பெரும்பாலான சேரிட்டிகள் கண்ணால்கூடப் பார்க்கப் போவதில்லை. இடைத்தரகு நிறுவனம் ஒன்று டோ டிரக்கை அனுப்பும், கார் ஏலத்துக்கோ உடைக்கிற யார்டுக்கோ போகும், அவர்கள் செலவும் கமிஷனும் எடுத்ததுபோக மிச்சம் சேரிட்டிக்கு. ஸ்மாக் தேறாததைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. நீங்கள் தனியாருக்கு விற்றால்தான் சர்டிபிகேட் கொடுக்கும் பொறுப்பு உங்களுடையது.

என் கதையைச் சொல்கிறேன். என்னுடையதும் பழைய கார், அதுவும் ஸ்மாக்கில் விழுந்ததுதான். டோ டிரக்காரர் வந்தார், சாவியையும் பிங்க் ஸ்லிப் என்கிற உரிமைப் பத்திரத்தையும் வாங்கிக்கொண்டார், இன்ஜினை ஸ்டார்ட் செய்துகூடப் பார்க்கவில்லை, பத்து நிமிடத்தில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பின் கண்ணாடியில் மகள் ஒட்டிய யானை ஸ்டிக்கர் தெரு முனைவரை தெரிந்தது. சில வாரத்தில் நன்றிக் கடிதம்: கார் 310 டாலருக்குப் போயிற்று. சரி, உடைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்து மாதம் கழித்து, நான் போயே இராத ஒரு ஊரிலிருந்து பார்க்கிங் அபராதம் வருகிறது, என் பெயருக்கு, என் பழைய நம்பர் பிளேட்டுக்கு! அந்தக் காரை யாரோ ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள், செத்த கன்வர்ட்டரோடு. காரைக் கைமாற்றியதை டிஎம்வி என்கிற வாகனப் பதிவுத் துறையில் பதியாமல் விட்டது என் தப்பு. ஆனால் எனக்கு உறைத்தது அபராதம் இல்லை. புண்ணியம் என்று நினைத்து நான் செய்த காரியம், ஏதோ ஒரு தெருவில் புகை விட்டுக்கொண்டிருந்தது.

அன்னாசிப்பழ வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட் என்கிற கால்டெக் பல்கலைக்கழக வேதியியலாளர்தான் 1950களின் தொடக்கத்தில், லாஸ் ஏஞ்சலஸைக் கண் எரிய வைத்த அந்தப் புகைமூட்டம் கார் புகையும் வெயிலும் சேர்ந்து சமைப்பது என்று காட்டினார். உங்கள் கார் தேறாத அந்தச் சோதனையின் வேர் அங்கே இருக்கிறது. அதனால் யாருக்குத் தானம், எவ்வளவு தானம் என்பதைவிட, இந்தக் கார் திரும்ப ரோட்டுக்கு வருமா வராதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அதற்கும் முன்னால் இன்னொன்று. கன்வர்ட்டர்தான் போயிற்று என்று உறுதியாகத் தெரியுமா? 2000-க்குப் பிந்தைய பெட்ரோல் கார்களுக்கு இங்கே புகைக்குழாயில் குழாய் விட்டுப் பார்ப்பதில்லை, காரின் கம்ப்யூட்டரில் ஒயரைச் செருகி அது சொல்வதைக் கேட்கிறார்கள். அது பி0420 என்கிற பழுதுக் குறியீட்டைச் சொன்னால் கன்வர்ட்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்தான், ஆனால் ஆக்சிஜன் சென்சர் கெட்டாலும் சைலன்சர் பக்கம் எங்காவது ஓட்டை இருந்தாலும் அதே குறியீடு வரலாம். இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டி டேஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்கை அணைத்துவிட்டு ஓடிப்போய் டெஸ்ட் கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். நினைவை அழித்தால் கம்ப்யூட்டர் இன்னும் தன்னைச் சோதித்து முடிக்கவில்லை என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். வேறு மாநிலத்திலிருந்து மலிவாக வரவழைக்கும் கன்வர்ட்டரும் உதவாது, கலிபோர்னியா அனுமதித்த எண் அதில் பொறித்திருக்க வேண்டும். விலை எகிறுவது அதனால்தான்.

டேக்ஸ் விஷயத்தில் உங்கள் ஆபீஸ் நண்பர் 2004-லேயே நிற்கிறார். அதுவரை மனசுக்குத் தோன்றிய விலையைப் போட்டுக் கழித்தார்கள். 2005-லிருந்து, சேரிட்டி காரை விற்றுவிட்டால், அது எவ்வளவுக்குப் போனதோ அவ்வளவுதான். 500 டாலருக்குக் குறைவாகப் போனால் சந்தை மதிப்பு அல்லது 500, எது குறைவோ அது. பழுது பார்த்து ஏழைக் குடும்பத்துக்கே கொடுக்கிற அமைப்பாக இருந்தால் சந்தை மதிப்பைக் கழிக்க வழி உண்டு, ஆனால் 2,400 டாலர் செலவு வைக்கும் வண்டியை அவர்கள் எடுப்பார்களா என்ன. இதெல்லாமே ஐட்டமைஸ் செய்பவர்களுக்கு, அதாவது கழிவுகளை ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டுக் காட்டுபவர்களுக்கு. பட்டியல் போடாமலே கழித்துக்கொள்ளக்கூடிய, தம்பதிக்கான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 2017-ல் 12,700 டாலராக இருந்தது, 2018-ல் ஒரே தாவலாக 24,000 ஆயிற்று, அதன்பிறகும் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. பட்டியல் அந்தத் தொகையைத் தாண்டினால்தான் பலன்; வீட்டுக்கடன் வட்டி பெரிதாகக் கட்டாதவர்களில் பெரும்பாலோருக்கு இதில் ஒரு பைசா மிஞ்சாது. எனக்கு மிஞ்சவில்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கொடுக்காதீர்கள், முதலில் மாநில அரசிடம் போங்கள். வாகனப் பழுது கண்காணிப்புத் துறை பழைய கார்களைத் தானே வாங்கி ஓய்வு கொடுக்கிறது: 1,350 டாலர், வருமானம் அவர்கள் வரம்புக்குள் இருந்தால் 2,000. (வரம்புக்குள் இருப்பவர்களுக்கு ரிப்பேர் செலவில் 1,450 வரை கொடுக்கிற வழியும் உண்டு. தொகைகள் அவ்வப்போது மாறும், பார்த்துக்கொள்ளுங்கள்.) கார் உங்கள் பெயரில் ரிஜிஸ்டர் ஆகி இருக்க வேண்டும், தன் இன்ஜினில் ஓடி அவர்கள் சொல்கிற யார்டுக்கு வர வேண்டும், விண்ணப்பித்து அனுமதி வந்தபிறகுதான் கொண்டுபோக வேண்டும். அங்கே போன கார் திரும்ப ரோட்டுக்கு வராது.

அந்தச் செக்கிலிருந்து மனசுக்குத் தோன்றியதை ஏதாவது சேரிட்டிக்குப் பணமாகக் கொடுங்கள். 310 டாலரில் தரகர் எடுத்ததுபோக மிஞ்சியதைவிட அது அவர்களுக்கு நிச்சயம் அதிகம். 2026-லிருந்து ஐட்டமைஸ் செய்யாதவர்களும் பணமாகக் கொடுத்ததில் 1,000 டாலர்வரை, தம்பதி என்றால் 2,000 வரை கழிக்கலாம். காருக்கு அந்தச் சலுகை கிடையாது. அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: மாட்டை அரசாங்கம் வாங்கிக்கொள்கிறது, பணத்தை நாம் தானம் செய்கிறோம். ஒத்துக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன்.

விண்ணப்பம் தள்ளுபடியானால் சேரிட்டிக்கே கொடுங்கள், தப்பில்லை. ஆனால் காரை உடைப்பார்களா ஏலம் விடுவார்களா என்று போனிலேயே கேளுங்கள், பதில் சொல்ல மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். எப்படிப் போனாலும் ஐந்து நாளுக்குள் டிஎம்வி வெப்சைட்டில் கைமாற்றிய விவரத்தைப் பதிந்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் டோல் பெட்டியையும் கழற்றிவிடுங்கள்.