மைத்துனரின் லொறியும் பணிப்பாளர் சபையும்

கேள்வி: திருகோணமலையில் எங்கள் குடும்ப மீன் கம்பனிக்கு அண்ணன், நான், மைத்துனர் மூவரும் பணிப்பாளர்கள். மீன் கொழும்புக்குப் போவது மைத்துனரின் சொந்த லொறியில். இது சட்டத்துக்கு முரணா?

தாராளமாக ஏற்றலாம், மறைக்காத வரையில். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் 192ஆம் பிரிவுப்படி, அந்த வாடகையில் தமக்குள்ள நலனை அவர் சபைக்கு வெளிப்படுத்தி, அதற்குரிய பதிவேட்டிலும் பதியச் செய்ய வேண்டும். "எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்ற பேச்சு பதிவாகாது.

குடும்பக் கம்பனிகளைக் கெடுப்பது பெரும்பாலும் கூச்சம். நான் கணக்கு எழுதிய ஓரிடத்தில் சாப்பாட்டு மேசைதான் சபைக் கூட்டம். நான்கு மாதக் கூட்டக் குறிப்புகளிலும் ஒரே நாளில், ஒரே பேனாவால் கையெழுத்து. அக்காவின் கணவரிடம் "வாடகை ஏன் கூடியது?" என்று கேட்க யாருக்கு வாய் வரும்? வேறு இரண்டு லொறிக்காரரிடம் விலை எழுதி வாங்கி, அந்தத் தாளைக் குறிப்பேட்டில் ஒட்டிவையுங்கள். முடிவெடுக்கும்போது மைத்துனர் ஒதுங்கியிருப்பது நல்லது.

நட்டத்தையும் கவனியுங்கள். தேறிய சொத்து (கடன் கழித்த சொத்து), கூறப்பட்ட மூலதனத்தின் (பங்குகளுக்காகக் கம்பனிக்கு வந்த, வரவேண்டிய பணத்தின்) பாதிக்குக் கீழே போனது தெரிந்தால், 20 வேலை நாட்களுக்குள் பங்குதாரர்களின் விசேட பொதுக் கூட்டத்தைச் சபை அழைக்க வேண்டும். இது 220ஆம் பிரிவு. வாடைக் காற்றில் படகு இறங்கவில்லை என்ற சாக்கு அங்கே எடுபடாது.