மாமரத்து நிழல்ல மல்லி பூக்கல, வேற என்ன வைக்கலாம்?

கேள்வி: கானாடுகாத்தான் பக்கம் எங்க வீடு தம்பி. பின்கட்டுக்கு பின்னாடி ரெண்டு பெரிய மாமரம், அதோட நிழல்ல வச்ச மல்லி ரெண்டு வருஷமா இலைதான் விடுது. பங்குனி சித்திரைல பிள்ளைக ஊருக்கு வர்றப்ப பாக்க அழகா பூத்திருக்கணும், எதோட எதை சேர்த்து வைக்கலாம்?

பதில்: ஆச்சி, மல்லி மேல தப்பில்ல, அதுக்கு நாள் முழுக்க வெயில் வேணும், பேசாம அதை கிணத்தடி பக்கமா மாத்திருங்க. நிழலுக்கு நான் சொல்றது ஆரஞ்சும் வெள்ளையும்தான். கருஞ்சிவப்பு, ஊதா எல்லாம் மர இருட்டுல நாலடி தள்ளி நின்னாலே தெரியாது.

பின்னாடி வரிசைல நந்தியாவட்டை, அதுக்கு முன்னாடி டெல்லி கனகாம்பரம் 2 அடிக்கு ஒண்ணு. இது விதை பிடிக்காத ரகம், அதனால வேர் விட்ட குச்சியா கேட்டு வாங்குங்க, காஞ்ச கதிரை அப்பப்ப கிள்ளி விட்டாத்தான் அடுத்த கதிர் வரும். ஓரத்துல ஸ்பைடர் லில்லி, சாயங்காலம் விரிஞ்சு வாசம் வரும் பாருங்க, திண்ணைல உக்காந்தா எழுந்திரிக்க மனசு வராது. காலை வெயில் கொஞ்சம் விழுற இடத்துல மட்டும் ஃபுட்பால் லில்லி கிழங்கு நாலஞ்சு, கழுத்து மண்ணு மட்டத்துக்கு இருக்கட்டும். கோடை மழை ஒண்ணு விழுந்ததும் சிவப்பா பந்து மாதிரி பூக்கும், ஒரு வாரம் பத்து நாள் ஆட்டம்தான், அப்புறம் மழையில்லாத வறண்ட காலத்துல இலையெல்லாம் காஞ்சு ஒண்ணுமே இருக்காது, செத்துப்போச்சுன்னு தோண்டி எறிஞ்சுராதீங்க (நானே ஒருதடவை எறிஞ்சிருக்கேன்).

இப்ப முக்கியமான விஷயம். மாமரத்து அடில மண்வெட்டி போட்டு பாத்தி கொத்தாதீங்க, மேல் வேர் அறுபடும், தூருல மண்ணையும் குவிக்காதீங்க. தூரை விட்டு நல்லா தள்ளி சின்னச் சின்ன குழியா எடுத்து மக்குன தொழுவுரமும் கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் போட்டு வைங்க, கனகாம்பரத்துக்கு வேர் முடிச்சு நூற்புழு தொல்லை ஜாஸ்தி, புண்ணாக்கு போட்டா கொஞ்சம் கட்டுப்படும். உதிர்ற மாவிலையை கூட்டி கொளுத்தாம செடி அடில பரப்புங்க, நம்ம செம்மண்ணு தண்ணிய பிடிச்சு வைக்காதுல்ல. மார்கழில மட்டும் செடி வாடாத அளவுக்கு குவளைல ஊத்துங்க போதும், அப்ப தண்ணிய பாய்ச்சினா மாமரம் பூ எடுக்காம துளிர் விட்டுரும், அப்புறம் மாங்காய் இல்லைன்னு என்னையத்தான் திட்டுவீங்க.

கனகாம்பரம் கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நின்னா இரும்புச்சத்து குறைவு. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட் உப்பு) கலந்து சாயங்காலமா தெளிங்க.

அப்புறம் அந்த ரெண்டு லில்லி கிழங்கும் விஷம் ஆச்சி, பின்வாசல் கதவை திறந்து போட்டா ஆடு உள்ள வந்துரும், வேலி கட்டிட்டு நடுங்க.