செம்பில் ஏறிய களிம்பு: மறுமதிப்பீட்டுக்கு அனுப்பலாமா?

கேள்வி: எங்கள் ஐயா பினாங்கில் வணிகத்துக்காகக் கொண்டுவிக்கப் போயிருந்த காலத்துக் காசுகளில் ஒன்று, 1862ஆம் ஆண்டின் ‘இந்தியா ஸ்ட்ரெய்ட்ஸ்’ (அப்போது இந்திய அரசின் ஆளுகையில் இருந்த பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா) ஒரு சென்ட் செப்புக் காசு. பினாங்கிலேயே வசிக்கும் என் தமையனார் அதை அங்கிருந்து அமெரிக்க மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பி வாங்கி, சென்ற ஆண்டு முன்னோர் படைப்புக்கு வந்தபோது என்னிடம் கொடுத்தார். பிளாஸ்டிக் உறையின் சீட்டில் தர எண் இல்லை. ‘எக்ஸ்எஃப் டீட்டெயில்ஸ், என்விரான்மென்டல் டேமேஜ்’ (தேய்மானம் குறைவு, ஆனால் சூழலால் மேற்பரப்பு கெட்டது) என்று மட்டும் இருக்கிறது. ராணியின் கழுத்துக்குக் கீழும், ‘ஸ்ட்ரெய்ட்ஸ்’ என்ற எழுத்துகளின் இடுக்கிலும் இளம்பச்சைப் புள்ளிகள் தெரிகின்றன. மறுபடி அனுப்பினால் எண் கிடைக்கும் என்கிறார் எனக்குத் தெரிந்த நாணய வியாபாரி. அனுப்பலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: அனுப்ப வேண்டாம் என்பதே என் கருத்து. காரணங்களைச் சொல்வதற்கு முன், அந்தச் சீட்டு என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். காசின் தரத்துக்கு 1 முதல் 70 வரை எண் தரும் முறையை 1949இல் வில்லியம் ஷெல்டன் வகுத்தார். அவர் அதை வகுத்ததே அமெரிக்காவின் பழைய பெரிய செப்புச் சென்ட்டுகளுக்காகத்தான். உங்கள் காசின் தேய்மானத்தை மட்டும் பார்த்தால் அது 40 அல்லது 45 என்ற படியில் நிற்கும்; ஆனால் அதன் மேற்பரப்பு கெட்டிருப்பதால் எண்ணை நிறுத்தி வைத்துவிட்டார்கள். 40 கிடைத்த காசுக்கு 45 கேட்டு மறுமதிப்பீடு கோருவதில் ஒரு நியாயம் உண்டு, ஏனெனில் அங்கே இருப்பது இரு கண்களுக்கு இடையிலான கருத்து வேறுபாடு. உலோகம் அரித்துக் குழி விழுந்திருந்தால், எத்தனை முறை பார்த்தாலும் குழி அங்கேதான் இருக்கும்.

வியாபாரி சொல்வதை முழுப் பொய் என்று தள்ளவும் முடியாது. மென்மையான பிவிசி பிளாஸ்டிக் பைகளில் நெடுநாள் கிடந்த காசுகளில் பசுமையான ஒட்டும் படலம் ஒன்று படியும். உலோகத்தை அரிக்கத் தொடங்குவதற்கு முன்னரே அதைத் தூய அசிட்டோனில் கரைத்து நீக்கிவிட்டால், அடுத்த முறை எண் கிடைக்க வாய்ப்பு உண்டு. (நகப்பூச்சு அழிக்கும் திரவம் அசிட்டோன்தானே என்று அதை ஊற்றிவிடாதீர்கள், அதில் எண்ணெயும் மணமும் சாயமும் கலந்திருக்கும்.) எனவே உங்கள் காசில் இருப்பது படலமா, அரிப்பா என்பதுதான் கேள்வி. பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸை எடுத்துக்கொண்டு, காலை வெயில் விழும் வளவில் உட்கார்ந்து, உறையை மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். பச்சை வழவழப்பாக மேலே படர்ந்து, அதன் அடியில் எழுத்தின் விளிம்பு முறியாமல் ஓடினால் அது படலம். பச்சை வெளிறிப் பொடிப்பொடியாகக் குவிந்து, அதைச் சுற்றி ஊசியால் குத்தினாற்போன்ற குழிகள் தெரிந்தால் அது அரிப்பு. நீங்கள் எழுதியுள்ள இளம்பச்சைப் புள்ளிகள் இரண்டாவதையே எனக்கு நினைவூட்டுகின்றன.

அப்படியானால் எண்ணைவிட அவசரமான கவலை ஒன்று இருக்கிறது. செம்பில் குளோரைடு உப்பு ஏறி, அது காற்றின் ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து உலோகத்தைத் தொடர்ந்து தின்பதை வெண்கல நோய் என்பார்கள். வெண்கலத்துக்கு மட்டுமன்றிச் செம்புக்கும் அது வரும். செம்புக்குக் களிம்பு உடன்பிறந்தது என்பது சைவ சித்தாந்தத்தில் பழகிய உவமைதான் என்றாலும், இந்தக் களிம்பு வெளியிலிருந்து வந்த உப்பின் வேலை. மதிப்பீட்டு உறை காற்றுப் புகாதது என்று பலர் நம்புகிறார்கள். அது அவ்வளவு இறுக்கமானதன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரும்புப் பெட்டிக்குள் ஏறும் ஈரம் உறைக்குள்ளும் போகும். ஆகவே இன்றே அதை ஒரு மூடியிறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, இப்போதே ஒரு படம் எடுத்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து அதே வெளிச்சத்தில் இன்னொன்று எடுத்து ஒப்பிடுங்கள். புள்ளி வளர்ந்திருந்தால், சீட்டின் மேலுள்ள பற்றை விட்டுவிட்டு, உறையைத் திறந்து, உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். அண்டாவைப் போலப் புளி போட்டு மட்டும் விளக்கிவிடாதீர்கள். புளியின் அமிலம் களிம்போடு பழைய செம்பின் தோலையும் உரித்துவிடும், பிறகு ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்ற இரண்டாவது குறையும் சீட்டில் ஏறும்.

கடைசியாக, வியாபாரி உங்களிடம் சொல்லாத ஒன்று. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத பழமையுள்ள காசும் தொல்பொருளே. மத்திய அரசோ அது அதிகாரம் அளித்த முகமையோ அன்றி வேறு எவரும் அதை நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. தமையனார் பினாங்கிலிருந்து அனுப்பியது வேறு, நீங்கள் காரைக்குடியிலிருந்து அனுப்புவது வேறு. அடுத்த முறை அவர் ஊர் திரும்பும்போது சட்டைப் பையில் போட்டு எடுத்துச் செல்லட்டும் என்று நினைத்தால், அதுவும் ஏற்றுமதியாகவே கொள்ளப்படும்.