ரோயிங் மெஷினில் இழுத்து முடித்ததும் குமட்டுகிறது: அப்பாவுக்கு வந்ததுதானா எனக்கும்?

வயது 43. கும்பகோணத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். காலையில் காபி மட்டும் குடித்துவிட்டு ஜிம்முக்குப் போவேன். வாரத்தில் மூன்று நாள், துடுப்புப் போடுவது போல உட்கார்ந்து இழுக்கும் ரோயிங் மெஷினில் 2000 மீட்டரை முழு வேகத்தில் இழுக்கிறேன். 8 நிமிடத்தை ஒட்டி முடிகிறது. இறங்கிய இரண்டு, மூன்று நிமிடத்தில் குமட்டல், சில நாள் மஞ்சள் தண்ணீராக வாந்தி. இருபது நிமிடத்தில் சரியாகிவிடும். அல்சரா, பித்தப்பைக் கல்லா, கல்லீரலா, மூளையில் கட்டியா? நண்பர் சொல்லித் தினமும் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல், ஜிம்முக்குப் போகுமுன் வாந்தியை அடக்கும் ஆன்டன்செட்ரான் போடுகிறேன். அப்பாவுக்கு 54 வயதில் மாரடைப்பு வந்தபோது முதலில் வாந்திதான் வந்தது. வாயு என்று நினைத்து சோடா கொடுத்தோம்.
– வாசகர், கும்பகோணம்

கடைசி இரண்டு வரிக்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறீர்கள். அல்சர், கல், கல்லீரல், கட்டி எல்லாம் கூகுள் கொடுத்த பட்டியல். பித்தப்பைக் கல் நெய்ப் பொங்கல் சாப்பிட்ட ராத்திரி வலது விலாவுக்குக் கீழே பிடிக்கும். 2000 மீட்டர் முடியட்டும் என்று காத்திருக்காது. மூளைக் கட்டியின் வாந்தி மெஷினில் ஏறும் நாளாகப் பார்த்து வந்து இருபது நிமிடத்தில் போகாது. மஞ்சள் தண்ணீர், வெறும் வயிற்றில் வாந்தி எடுத்தால் யாருக்கும் வரக்கூடிய பித்தநீர். இவற்றுக்காக ஸ்கேன் வேண்டாம்.

நீங்கள் சொல்லும் குமட்டலுக்குக் காரணம் உங்கள் கால், முதுகு, கை மூன்றும் ஒரே நேரத்தில் ரத்தம் கேட்பது. ரோயிங்கில் உடம்பின் பெரிய தசைகள் ஏறக்குறைய எல்லாமே வேலை செய்கின்றன. அதற்கு ஈடுகொடுக்க இரைப்பைக்கும் குடலுக்கும் போகும் ரத்தம் வழக்கத்தில் கால்வாசிக்கும் கீழே இறங்கிவிடும். கூடவே தசையில் சேரும் அமிலம் ரத்தத்துக்கு வருகிறது, 7.4 ஆக இருக்க வேண்டிய பி.எச். அளவு (அமிலம் கூடக் கூட இது குறையும்) முழு வேகத்தில் இழுப்பவர்களுக்கு 7.1 வரைகூட இறங்கும். மூளையிலுள்ள வாந்தி மையத்தை உசுப்ப அது போதும். நிமிடத்துக்கு 30 இழுப்பு என்றால் 8 நிமிடத்தில் 240 தடவை முட்டியை நெஞ்சோடு மடக்கி வயிற்றை அமுக்குகிறீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடித்தவுடன் அப்படியே உட்கார்ந்துவிட்டால் காலிலிருந்து ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்த தசைகள் சட்டென ஓய்கின்றன, ரத்த அழுத்தம் சரிகிறது, தலை கிறுகிறுக்கிறது, குமட்டுகிறது. சேர்ந்த அமிலத்தில் பாதியாவது வடிய ஏறக்குறைய இருபது, முப்பது நிமிடம் ஆகும். உங்கள் கணக்கும் அதுதான்.

இனி அப்பா விஷயம். இதயத்தின் அடிப்பக்கச் சுவர், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அங்கே அடைப்பு வந்தால், மூளையை இதயத்தோடும் இரைப்பையோடும் இணைக்கும் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு வாந்தியும் குளிர்ந்த வியர்வையும் வரும். நெஞ்சுவலி லேசாக இருக்கலாம், சர்க்கரை நோயாளிக்கு இல்லாமலேயும் போகலாம். நம் பக்கத்தில் இதற்கு 'கேஸ் பிடித்திருக்கிறது' என்று பெயர் வைத்து, சோடாவும் ஓமத் தண்ணீரும் கொடுத்து, பொன்னான ஒரு மணி நேரத்தைக் கழித்துவிடுகிறோம். உங்கள் வீட்டில் நடந்தது டெல்டாவில் தெருவுக்குத் தெரு நடக்கிறது. உங்கள் தவறு என்று மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

உங்களுக்கு வருவது அதுவா என்று பிரித்துப் பார்க்க, குமட்டல் எப்போது வருகிறது என்பதைக் கவனியுங்கள். உழைத்துக்கொண்டிருக்கும்போதே வந்து, நிறுத்திய சில நிமிடங்களில் அடங்கினால் அது பெரும்பாலும் இதயத்தின் குணம். உழைப்பு முடிந்தபின் வந்து மெல்ல வடிந்தால் பெரும்பாலும் தசை அமிலத்தின் குணம். உங்களுடையது இரண்டாவது வகை. நான் பயப்படுவது ஒன்றே ஒன்றுக்குத்தான்: இதே குமட்டல் நாளாக ஆகக் குறைந்த உழைப்புக்கே வர ஆரம்பிப்பது. இன்று முழு வேக 2000 மீட்டருக்கு மட்டும் வருவது, அடுத்த மாதம் பேசிக்கொண்டே இழுக்கும் வேகத்தில் வந்தால், கடையில் 45 கிலோ யூரியா மூட்டையை நகர்த்தும்போது வந்தால், மகாமகக் குளத்தை ஒரு சுற்று நடந்ததற்கே வந்தால், மெஷின் பக்கம் போகாதீர்கள், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சில் பாரமோ, தாடையில் இழுப்போ, வழக்கத்துக்கு மீறிய மூச்சுத் திணறலோ கூடச் சேர்ந்தாலும் அப்படியே. இழுத்து முடித்துத் தலை சுற்றுவது வேறு. இழுத்துக்கொண்டிருக்கும்போதே நினைவு தப்பினால் அது எந்த வயதிலும் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டிய விஷயம்.

இந்த ஒரே அடையாளத்தைத்தான் நீங்கள் ஆன்டன்செட்ரான் போட்டு மறைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு உண்மையாகவே கோபம் வருவது இங்கேதான். குமட்டல் எந்த வேகத்தில் வந்தது, எத்தனை நிமிடம் இருந்தது என்பது மாத்திரை போட்ட நாளில் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மேலும் அந்த மாத்திரை இதயம் ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் மின்சார ரீதியாகத் தயாராகும் நேரத்தை நீட்டக்கூடியது. வாந்தியில் பொட்டாசியமும், பான்டோபிரசோலை மாதக்கணக்கில் விழுங்குவதால் மெக்னீசியமும் குறைந்திருந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் வாய்ப்பு கூடும். அப்படிப்பட்ட உடம்பை முழு வேகத்தில் ஓட்டுவது வேண்டாத ஆபத்து. ஆன்டன்செட்ரானை இன்றோடு விடுங்கள். பான்டோபிரசோல் உங்களுக்கு எதற்கும் தேவைப்படவில்லை. நிறுத்தினால் சில வாரம் வரை நெஞ்செரிச்சல் கூடலாம், தானே அடங்கும். முதுகுவலிக்கென்று டைக்ளோபினாக் போடும் பழக்கமும் இருந்தால், வியர்த்து உடம்பில் நீர் வற்றிய நாளில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். கடுமையாக இழுத்த மறுநாள் சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போனால் தசை சிதைந்திருக்கிறது என்று பொருள். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அப்பாவுக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு என்பதால் உங்களுக்கு ஒரு முறை இதயப் பரிசோதனை அவசியம். குமட்டலே இல்லாவிட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். படுத்தபடி எடுக்கும் ஈ.சி.ஜி. நார்மல் என்று வந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள். உழைக்கும்போது மட்டும் தெரியும் அடைப்பை அது காட்டாது. ஈ.சி.ஜி., எக்கோ, மருத்துவர் பக்கத்தில் இருக்கச் செய்யும் டிரெட்மில் பரிசோதனை, ரத்த அழுத்தம், மூன்று மாதச் சர்க்கரை அளவு, கொழுப்பு அளவு. தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இதயப் பிரிவுக்குப் போகலாம். முடிவு வரும்வரை முழு வேகம் கூடாது. வாய்விட்டுப் பேச முடிகிற வேகத்தில் இருபது, முப்பது நிமிடம் இழுக்கத் தடையில்லை.

முடிவு நல்லபடி வந்தபின், முதலில் வாரம் மூன்று முழு வேகத்தை விடுங்கள். எந்தப் பயிற்சியாளரும் போட்டி வீரனுக்கே அப்படிக் கொடுக்க மாட்டார். பத்து நாளுக்கு ஒரு முறை போதும். மற்ற நாட்களில் நிமிடத்துக்கு 18 முதல் 22 இழுப்பு, நிதானமாக. 8 நிமிடம் என்றால் 500 மீட்டருக்குச் சராசரி 2:00. பெரும்பாலானவர்கள் முதல் 300 மீட்டரில் 1:45-ல் பாய்ந்து, அங்கேயே அமிலத்தைக் குவித்துவிட்டு, மீதி தூரத்தை அதோடு மல்லாடி முடிக்கிறார்கள். முதல் 500-ஐ 2:02-ல் தொடங்குங்கள், நடு ஆயிரத்தை 2:00-ல் வையுங்கள், கடைசி 500-ல் இருப்பதைக் கொடுங்கள். நேரம் குறையாது, குமட்டல் குறையும். டேம்பரை (மெஷினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி) 10-ல் வைப்பது வீரம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். 3 முதல் 5 வரை போதும், அதற்கு மேல் ஒவ்வொரு இழுப்பும் மூட்டை தூக்குவது போலக் கனத்துத் தசையைச் சீக்கிரம் சோர்த்துவிடும். இழுக்கும்போது மூச்சை அடக்காமல் வெளியே விடுங்கள். இடுப்பு பெல்ட்டையும் இறுக்கமான நாடாவையும் தளர்த்திக்கொள்ளுங்கள்.

தொடங்குமுன் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக இழுத்து, நடுவில் மூன்று முறை பத்துப் பத்து வேக இழுப்பு. முடித்தபின் உட்காராதீர்கள், படுக்காதீர்கள், முட்டிக்குள் தலையைக் கவிழ்க்காதீர்கள். கைப்பிடியை விடாமல் 2:45 வேகத்தில் பத்து நிமிடம் லேசாக இழுத்துவிட்டு, பிறகு எழுந்து நடங்கள். ஒரே மூச்சில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கவிழ்த்தால் அதுவே திரும்பி வரும். ஐந்து நிமிடத்துக்கு அரை டம்ளர், உப்புப் போட்ட மோராக இருந்தால் நல்லது.

வெறும் வயிற்றில் காபி உங்களுக்கு ஒத்துவரவில்லை. முக்கால் மணி நேரம் முன்பு ஒரு பூவன் பழமும் உப்புப் போட்ட நீராகாரம் ஒரு டம்ளரும் போதும். இரண்டு இட்லி என்றால் இரண்டு மணி நேரம் இடைவெளி, பொங்கல் என்றால் மூன்று. ஜிம்மில் விற்கும் 'எனர்ஜி' பவுடரில் பெரும்பாலும் இருப்பது அதிக அளவு காஃபீன், தொடாதீர்கள். சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் இங்கே வியர்வை சொட்டுமே தவிர உலராது, உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. தோலும் ரத்தம் கேட்கும், வயிற்றுக்கு இன்னும் குறையும். தகரக் கூரை ஜிம்மாக இருந்தால் ஆறு மணிக்குள் முடியுங்கள், மின்விசிறியை நேர் எதிரே வையுங்கள். அந்த மாதங்களில் முழு வேக முயற்சியே வேண்டாம் என்பேன்.

ஒன்றை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். ஓய்வாக இருக்கும்போதே வாந்தியும் குளிர்ந்த வியர்வையும் நெஞ்சுப் பாரமும் சேர்ந்து வந்தால் சோடா வேண்டாம், பைக்கில் ஏற்றவும் வேண்டாம், 108. ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின் 300 மி.கி., குளோபிடோகிரெல் 300 மி.கி., அடோர்வாஸ்டாட்டின் 80 மி.கி. கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அவற்றைக் கடையில் வாங்கி வீட்டில் வைத்துத் தானாகப் போடும் வேலை கூடாது. எல்லா நெஞ்சுவலியும் மாரடைப்பல்ல, சிலவற்றில் அந்த மாத்திரையே ரத்தக்கசிவை உண்டாக்கும். இதய மருத்துவரிடம் போகும்போது இப்போது போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், அப்பாவின் பழைய மருத்துவமனைச் சீட்டு இருந்தால் அதையும், கையோடு எடுத்துப் போங்கள்.