இதயத்துக்குள் ஒயர் விடுவார்களாமே, அக்கா?

கேள்வி: எனக்கு வயது 43. சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். தமிழ்ப்பள்ளிக் கேண்டீனில் சமைக்கிறேன். சில வருடங்களாக நெஞ்சுப் படபடப்பு. குனிந்து பானையைத் தூக்கும்போது திடீரென்று ஆரம்பிக்கும், அப்புறம் அதேபோல் சட்டென்று நின்றுவிடும். வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். போன மாதம் நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத்தான் நிறுத்தினார்கள். துடிப்பு 190 இருந்ததாம். இது எஸ்விடி, அப்லேஷன் செய்தால் சரியாகும் என்கிறார் டாக்டர். பைபாஸுக்குப் போன என் மாமா வீடு திரும்பவில்லை. நினைத்தாலே கை நடுங்குகிறது. செய்யாமலே சமாளிக்க முடியாதா, அக்கா?
- பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: மாமாவை இழந்த உங்களுக்கு இந்தப் பயம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம், தங்கச்சி. ஆனால் பைபாஸ் வேறு, இது வேறு. பைபாஸில் நெஞ்செலும்பை அறுத்துத் திறப்பார்கள். அது ரத்தக்குழாய் அடைப்புக்கு. உங்களுக்கு இருக்கும் எஸ்விடி ஒரு மின்னோட்டக் கோளாறு. இதயத்தில் மின்னோட்டம் போகிற பாதையோடு கூடுதலாக ஒரு பாதை இருக்கிறது. ஓட்டம் அதில் நுழைந்து சுற்ற ஆரம்பித்தால் துடிப்பு 190க்கு ஏறும், சுற்று அறுந்ததும் நின்றுவிடும். இதயம் மற்றபடி நன்றாக இருப்பவர்களுக்கு இதனால் உயிராபத்து மிக அரிது.

இதய வார்டில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அப்லேஷன் செய்யும்போது உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். அறை குளிரும், போர்வை கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, அங்குள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய ஒயர்களை இதயம் வரை கொண்டுபோவார்கள். அரைத் தூக்கத்துக்கும் மருந்து தருவார்கள். அடுத்துச் சொல்லப் போவதைப் பலருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நீங்கள் பயப்படுகிற அதே படபடப்பை அங்கே வேண்டுமென்றே வரவழைப்பார்கள். அது வந்தால்தான் கோளாறான பாதை எங்கே இருக்கிறது என்று தெரியும். இது தெரியாமல் வந்தவர்கள், "தொடங்கிடுச்சு சிஸ்டர், தொடங்கிடுச்சு!" என்று என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். தெரிந்து வந்தவர்கள் கண்ணை மூடிக் காத்திருப்பார்கள். வரவழைத்ததை ஒயர் வழியாகவே அவர்களால் நிறுத்தவும் முடியும். பிறகு சில மில்லிமீட்டர் இடத்தை மட்டும் சூடு வைத்துச் செயலிழக்கச் செய்வார்கள். அப்போது நெஞ்சில் கொஞ்சம் எரிச்சல் தெரியலாம். மறுபடி வரவழைத்துப் பார்த்து, வரவில்லை என்றால் வேலை முடிந்தது. சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். பெரும்பாலும் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு வாரத்துக்குப் பானை, அரிசி மூட்டை எதையும் தூக்காதீர்கள். ஆரம்ப வாரங்களில் ஒன்றிரண்டு துடிப்பு தவறுவது போலிருக்கும், அது சகஜம்.

இந்தக் கோளாறில் அதிகம் காணப்படும் வகைக்கு, 100 பேரில் ஏறக்குறைய 95 பேருக்கு ஒரே தடவையில் குணமாகிறது. ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். நல்ல பாதைக்கும் சூடு பட்டு, பேஸ்மேக்கர் (துடிப்பைச் சீராக வைக்கும் சிறு கருவி) வைக்க வேண்டி வருவது 100 பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ நடக்கிறது. இடுக்கில் ரத்தம் கட்டுவது அதைவிடச் சாதாரணம். உங்கள் பாதை எந்த வகை, நல்ல பாதைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று டாக்டரிடம் கேளுங்கள். மாமாவின் கதையையும் அவரிடம் சொல்லுங்கள். கணவரையும் கூட்டிப் போங்கள், பயத்தில் இருக்கும்போது பாதிதான் காதில் விழும்.

செய்யாமலும் சமாளிக்கலாம், அது தப்பான முடிவு இல்லை. மாத்திரை படபடப்பு வருவதைக் குறைக்கும். வந்தால் நிறுத்த ஒரு முறை உண்டு. டாக்டர் சரி என்றால் பழகிக் கொள்ளுங்கள். ஊசி முனை இல்லாத 10 மில்லி சிரிஞ்ச் ஒன்றைக் கிளினிக்கில் கேட்டு வாங்குங்கள். சாய்ந்து உட்கார்ந்து, உள்தண்டு லேசாக நகரும் அளவுக்கு 15 வினாடி ஊத வேண்டும். உடனே மல்லாந்து படுக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் இரண்டு காலையும் தூக்கி 15 வினாடி பிடிக்க வேண்டும். இங்கிலாந்தில் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிச் செய்தவர்களில் 43 சதவீதத்தினருக்குத் துடிப்பு சரியானது. உட்கார்ந்தபடியே ஊதியவர்களில் அது 17 சதவீதம்தான். கேண்டீனில் கூட வேலை செய்பவருக்கும் சொல்லிக் கொடுத்து வையுங்கள்.

மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தாலோ, படபடப்பு நிற்காவிட்டாலோ, ஊதிக்கொண்டு உட்காராமல் 999ஐ அழையுங்கள்.

என்னைக் கேட்டால், கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று வேலை செய்கிறவர் நீங்கள், ஊசி போட்டுத்தான் நின்றது என்கிறபோது நான் அப்லேஷன் பக்கம்தான் சாய்வேன். அவசரம் எதுவும் இல்லை, பள்ளி விடுமுறையில் நாள் கேளுங்கள். நாடித்துடிப்பு 190 இருந்தபோது எடுத்த ஈசிஜியின் நகலை அந்த ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி, கைப்பேசியிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஈப்போவோ கோலாலம்பூரில் இருக்கும் தேசிய இதய மருத்துவமனையான ஐஜேஎன்னோ, எங்கே அனுப்பினாலும் டாக்டர் முதலில் அதைத்தான் பார்க்க விரும்புவார்.